இடம் விட்டு எடுத்த படம்

இது நடந்தது. ஏற்காட்டில், 1978 ஜனவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. படம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் லாசர் தேதியையும் மணியையும் நெகட்டிவ் உறையின் மேல் பென்சிலால் எழுதி வைப்பார். அந்த உறை இன்னும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் நெகட்டிவைப் பார்க்காமல் வந்துவிடுவது நல்லது.

லாசர் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. பேய் என்ன, அவர் யாரையுமே நம்ப மாட்டார். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட, சாமியார் வெளியே சொல்லிவிடுவாரோ என்று பாதியை மறைத்துவிடுவார் என்று மனைவி இன்பமேரியே கேலி செய்வாள். கடைத்தெருவில் சின்ன ஸ்டூடியோ. எடுப்பதும் கழுவுவதும் அவர். ஜன்னலோரம் உட்கார்ந்து நெகட்டிவில் பருவையும் அம்மைத் தழும்பையும் கூர்ப்பென்சிலால் மறைக்கிற டச்சிங் வேலை இன்பமேரியுடையது. இப்பேர்ப்பட்ட சந்தேகப் பேர்வழி சொன்னதால்தான் இதை நம்ப வேண்டியிருக்கிறது.

கிளியூருக்கு அந்தப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, அங்கப்பன் என்ற விவசாயியின் வீடு. அவன் தங்கை ஆராயிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் புகுந்த வீட்டுக்குப் போவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அம்மா அத்தாயிக்கு ஆசை. லாசர் மரக் கேமராவையும் ஸ்டாண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

முற்றத்தில் பெஞ்சு போட்டார். நடுவில் அத்தாயி உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அங்கப்பனும், கைக்குழந்தையோடு அவன் மனைவி மாதம்மாளும். மறுபக்கம் ஆராயி. எல்லாரையும் நெருக்கி நிறுத்தப் போனபோது அத்தாயி கையைக் காட்டித் தடுத்தாள்.

“எனக்கும் ஆராயிக்கும் நடுவுல ஒரு ஆளு எடம் உட்டு எடுங்க. சின்னவன் வந்து நிப்பான்.”

சின்னவன் என்றது இளைய மகன் சின்னத்தம்பியை. பதின்மூன்று வயதில் மேஸ்திரி ஒருவரோடு குடகுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். பதினோரு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. எப்போதாவது யாரையாவது விட்டு எழுதி ஒரு கார்டு போடுவான். தை பிறந்ததும் வருகிறேன் என்று ஐப்பசியில் கடைசிக் கார்டு வந்திருந்தது. அவனை யாரும் படம் எடுத்ததே இல்லை.

இடம் விட்டு எடுப்பது லாசருக்குப் பழக்கம்தான். மலையில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாளத்திலோ வெளியூர்த் தோட்டத்திலோ இருப்பார். அவருக்கு இடம் விட்டு மற்றவர்களை எடுத்துவிடுவார். வரவேண்டியவர் வந்ததும் தனியாக எடுத்து, வெட்டி, அந்த இடத்தில் ஒட்டி, அதை மறுபடி படம் பிடித்தால் குடும்பம் முழுசாகிவிடும். விடுகிற இடம் மட்டும் அளவாக இருக்க வேண்டும். அதற்காக அதே உயரத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்து, பிறகு அவரை நகரச் சொல்லிவிட்டு எடுப்பார். மகன் இப்போது என்ன உயரம் இருப்பான் என்று கேட்டார். அவன் அப்பன் உயரம்தான் இருப்பான், நடுத்தரம் என்றாள் அத்தாயி.

காப்பிக் களத்தின் ஓரத்தில் ஒரு ஆள் நின்றான். வேலையாள் போலிருக்கிறது என்று லாசர் நினைத்தார். நடுத்தர உயரம். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வெறுங்கால். தலையைக் குனிந்திருந்தான். முடியெல்லாம் நனைந்திருந்தது. மழை இல்லை. காலைப் பனியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

“தம்பி, இங்க வந்து நில்லு.”

வந்தான். களத்தில் காய்ந்த காப்பிப் பழங்கள் பரப்பிக் கிடந்தன. அதன் மேலேயே நடந்து வந்தான். மிதித்தால் மொறுமொறுவென்று சத்தம் வரவேண்டும். வரவில்லை.

லாசர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் குடும்பம் தெரிந்தது. குழந்தை நெளிந்தது. ஆராயி முந்தானையைச் சரிசெய்தாள். அவன் மட்டும் அசையவில்லை. மூச்சு விடுகிற மாதிரிகூடத் தெரியவில்லை.

“தலைய நிமுத்து.”

நிமிர்த்தினான். இருபத்துநாலு வயசு முகம். புருவத்தை இரண்டாக வெட்டின மாதிரி ஒரு தழும்பு.

“போதும். நகந்துக்க.”

துணிக்கு வெளியே வந்தார். அவனைக் காணோம். களத்திலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. லாசர் முதலில் செய்த காரியம், தன் தோல்பை வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. ஃபிலிமைப் பொருத்தினார். எல்லாரும் லென்சையே பார்க்க வேண்டும் என்று சொல்லி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, மூடியைத் திறந்து மூடினார். பதினொன்று இருபது. பத்திரத்துக்கு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் எல்லாரும் நேராகத்தான் பார்த்தார்கள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்று மத்தியானம் மூன்று நாற்பதுக்கு இருட்டறையில் கழுவினார். விட்ட இடம் காலியாக, சுத்தமாக இருந்தது. மூன்று பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தாயி மட்டும் பார்க்கவில்லை. அவள் முகம் காலியிடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. நிற்கிற ஒருவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி மேலே நிமிர்ந்திருந்தது.

இரண்டு நெகட்டிவிலும் அப்படியே.

கிழவி கடைசி நொடியில் ஆட்டிவிட்டாள் என்று இன்பமேரியிடம் எரிந்து விழுந்தார். நடந்ததையும் சொன்னார். அந்த ஆள் எப்படி இருந்தான் என்று அவள் கேட்டாள். சட்டை, வெறுங்கால், புருவத் தழும்பு எல்லாம் சொன்னார். குனிந்து நின்றவன் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னார்.

இன்பமேரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க… கண்ணாடியில எல்லாரும் தலைகீழாத்தான தெரிவாங்க?”

அந்த வகைக் கேமராவில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். இருபது வருஷமாக அவர் மனிதர்களைத் தலைகீழாகவே பார்த்துப் பழகியவர். அன்றைக்கும் அத்தாயி தலைகீழ். அங்கப்பன் தலைகீழ். மாதம்மாள், குழந்தை, ஆராயி…

அவன் மட்டும் நேராக நின்றான்.

மூன்று வாரம் போனது. ஜனவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை, காலை பத்தேகால். அங்கப்பன் வாயெல்லாம் பல்லாக ஸ்டூடியோவுக்குள் வந்தான். கூடவே இன்னொருவன். தம்பி சின்னத்தம்பி வந்துவிட்டான், படத்தில் சேர்த்துவிடுங்கள் என்றான்.

நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். டெரிலின் சட்டை, கைக்கடிகாரம். லாசர் அவன் புருவத்தைத்தான் முதலில் பார்த்தார். தழும்பு இல்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, தம்பிக்குச் சின்ன வயதில் புருவத்தில் அடிபட்டதா என்று அங்கப்பனைக் கேட்டார்.

“ஆமாங்க, ஒரலுமேல உழுந்தான். உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?” என்ற அங்கப்பன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் ஆறிப்போச்சு,” என்றான் வந்தவன். சொல்லிவிட்டு லாசரையே பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை.

அவனை நிற்க வைத்துப் படம் எடுத்தார். கண்ணாடியில் அவன் ஒழுங்காகத் தலைகீழாகத்தான் தெரிந்தான். கிளம்பும்போது அங்கப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு இடத்தில் நின்ற வேலையாள் யார் என்று கேட்டார்.

“யாரும் நிக்கலியேங்க. நீங்கதான் சும்மா நில்லு, நகந்துக்கன்னு பேசிட்டிருந்தீங்க. படம் புடிக்கறவங்களுக்கு அப்பிடி ஒரு பழக்கம் போலன்னு இருந்துட்டோம்.”

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். கல்யாணம் முடிந்த மறுநாளே நிலத்தில் தன் பங்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்லித் தம்பி அவசரப்படுகிறான். விற்றுவிட்டு மறுபடி குடகுக்கே போகிறானாம்.

வந்தவன் மகன் இல்லை. லாசருக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. அப்படியானால் மகன் எங்கே? அந்த நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. ஒன்றுமறியாத ஒரு தாயை ஒருவன் அம்மா என்று கூப்பிட்டு ஏமாற்றுகிறான். போலீசுக்குப் போகலாம் என்றால் என்ன சொல்வது? கண்ணாடியில் நேராகத் தெரிந்தான் என்று புகார் எழுத முடியுமா?

வேலை வேலைதான் என்று, வந்தவன் உருவத்தை வெட்டி, பசை தடவி, காலியிடத்தில் ஒட்டினார். விட்ட இடத்துக்கு அவன் ஒரு விரல்கடை அதிக உயரம். மறுநாள் காலை ஆறரைக்குப் பார்த்தால் உருவம் தரையில் குப்புறக் கிடந்தது. பசை சரியில்லை என்று வேறு பசையில் ஒட்டினார். மறுநாளும் குப்புறக் கிடந்தது. எலியைச் சந்தேகப்பட்டார். பிறகு மனைவியையே சந்தேகப்பட்டு, நீதான் பிய்த்தாயா என்று கேட்டுவிட்டார்.

“பதினேழு வருஷமா உங்ககூடக் குப்ப கொட்டறேன், இதுக்கும் நாந்தானா?” என்று இன்பமேரி அழுதுவிட்டாள்.

மூன்றாவது தடவை ஒட்டி, மேலே கனமான கண்ணாடியை வைத்து, மேசை டிராயருக்குள் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். காலையில் திறந்தார். கண்ணாடி நகரவில்லை. உருவம் அதற்கு வெளியே கிடந்தது. தொட்டுப் பார்த்தார்.

ஈரமாக இருந்தது.

பிப்ரவரி ஒன்று, புதன்கிழமை. ஒட்டாத படத்தை எடுத்துக்கொண்டு லாசர் கிளம்பினார். காலை பதினொரு மணி. ஆண்கள் சேலத்துக்குப் போயிருந்தார்கள். அத்தாயி களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கினாள். காலியிடத்தை விரலால் தடவினாள். வந்திருப்பவனைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று லாசர் திணறினார்.

“தெரியுங்க,” என்றாள். “அவன் எம்மவன் இல்லீங்க. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?”

களத்தின் ஓரத்தைக் கையால் காட்டினாள்.

“கார்த்திகையில இருந்து சின்னவன் வாரானுங்க. இந்தக் களத்தோரம்தான் நிப்பான். தலையெல்லாம் நனஞ்சிருக்கும். ஊட்டுக்குள்ள வா கண்ணுன்னு கூப்புட்டாலும் வரமாட்டான். அன்னிக்கு நீங்க கூப்புட்டதும் வந்து எம்பக்கத்துல நின்னான்.”

மகன் போய்விட்டான் என்று முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். சொன்னால் ஆராயி கல்யாணம் நின்றுவிடும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. குடகுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. செத்தவனுக்கு என்ன கார்டு? பிறகு சின்னவனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவன் வந்து அம்மா என்று நின்றபோது, என்ன நடந்திருக்கும் என்பதும் விளங்கிவிட்டது. பின்னே ஏன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறாய் என்று லாசர் கேட்டார்.

“தொரத்தி உட்டா போயிருவானுங்க. எம்மவன எங்க போட்டான்னு அப்பறம் ஆரு சொல்லுவா? அது அவன் வாயில வரோணும். நாலு பேரு தூக்கிப் பொதைக்கோணும் எம்புள்ளைய.”

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் லாசரைக் கலக்கியது. படத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒட்டாமல், இடத்தை அப்படியே விட்டுப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். அவன் படுக்கிற இடத்துக்கு எதிரே மாட்ட வேண்டும் என்றாள்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். மாலை மூன்று ஐம்பது. இன்பமேரி வெளியே ஜன்னலோரம் இருந்தாள். லாசர் இருட்டறைக் கதவைத் தாழிட்டார். சிவப்பு பல்பு. பெரிய பேப்பரில் வெளிச்சம் காட்டி, டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டினார்.

முதலில் கறுப்பாகக் கதவு வந்தது. பிறகு சேலைகள். பிறகு முகங்கள்.

காலியிடம் காலியாகவே இருந்தது. லாசர் மூச்சு விட்டார்.

தரை வந்தது.

காலியிடத்துத் தரையில் ஏதோ கறுப்பாக… கறை என்று நினைத்தார். குனிந்தார். சின்னப் படத்தில் இது தெரிந்ததே இல்லை.

இரண்டு பாதம். வெறுங்கால். காய்ந்த மண்ணில் ஈரத் தடம். விரல்கள் கேமராவைப் பார்த்து இருந்தன.

சொட்.

பின்னாலிருந்து.

குழாயைப் பார்த்தார். மூடியிருந்தது.

சொட்… சொட்…

முதுகுக்குப் பின்னால். ஒரு முழ தூரத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பிடரியில் ஒரு துளி. குளிர்.

“மேரி…” என்றார். சத்தம் வரவில்லை.

பிறகு என்ன தோன்றியதோ, சொன்னார்.

“உங்கம்மாகிட்ட… குடுத்தர்றேன்.”

சத்தம் நின்றது.

மணி நாலு ஐந்து. கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. அவர் சட்டைக் காலர் மட்டும் நனைந்திருந்தது. இன்பமேரி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஜெபமாலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தாயி தன் கையாலேயே மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு அந்த நெட்டையன் தானாகவே நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தான். மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை, அவன் படத்தில் நிற்கிறான், என்னை எங்கேயாவது அடைத்து வையுங்கள் என்று கெஞ்சினான். சின்னத்தம்பியோடு குடகில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரே லைன் வீட்டில் ஆறு வருஷம் இருந்தவன். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் அவன் வாயால் கேட்டவன். இருவரும் சேர்ந்து ஊருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். குப்பனூர்ப் பாதையில் ஏறி வரும்போது, பாழடைந்த ஒரு கிணற்றில் அவனைத் தள்ளிவிட்டிருக்கிறான். என்றைக்கு என்று கேட்டால் மட்டும் உளறினான். பிணத்தை எடுத்தார்கள். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. அத்தாயி நாலு பேரை வைத்துத் தூக்கிப் புதைத்தாள். ஆராயி கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் லாசர் நிம்மதியாக இருந்திருப்பார்.

பத்து நாள் கழித்து, மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஏட்டு சூசைமாணிக்கம் சொன்னார். குடகில் அந்த எஸ்டேட்டிலேயே போய் விசாரித்துவிட்டார்களாம். சின்னத்தம்பி ஜனவரி இருபது வரை வேலைக்கு வந்திருக்கிறான். கிணற்றில் விழுந்தது இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம்.

லாசர் வீட்டுக்கு ஓடினார். உறையை எடுத்தார். ஏழாம் தேதி. பதினொன்று இருபது.

அந்த நேரத்தில் சின்னத்தம்பி குடகில் உயிரோடு மிளகு பறித்துக்கொண்டிருந்தான்.

அத்தாயி கார்த்திகையிலிருந்து பார்த்தது செத்தவனை இல்லை. சாகப் போகிறவனை. வராதே என்று யாராவது ஒரு கார்டு போட்டிருந்தால் நாலு நாளில் போய்ச் சேர்ந்திருக்கும். புதைத்த பிறகு அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், இது அங்கப்பனுக்கும் விளங்கிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், யார் கேட்டாலும் கார்த்திகையிலேயே செத்துவிட்டான் என்று சொல்லுங்கள் என்று லாசரின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான்.

பிப்ரவரி இருபத்தேழு, திங்கட்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. அத்தாயி ஸ்டூடியோவுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஏனுங்க, எம்மவன் செத்தது எந்தத் தேதின்னு போலீசுல சொன்னாங்க?”

“கார்த்திகையிலதாங்கம்மா,” என்றார் லாசர்.

“மெய்யாலுமா?”

தலையாட்டினார். அத்தாயி முகத்தில் தெம்பு வரவில்லை. இன்னும் குழம்பினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“செத்தவங்கதான் வருவாங்களா, இல்ல சாகறதுக்கு முந்தியே வருவாங்களான்னு கேக்கத்தான் வந்தேனுங்க. நேத்துல இருந்து களத்தோரம் ஆராயி நிக்கறா.”

லாசர் வாசலைப் பார்த்தார். அவர்கள் வந்த ஜீப்பின் முன்சீட்டில் ஆராயி உட்கார்ந்து, புது வளையலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று லாசருக்குப் பட்டது. உறையை எடுத்து வைத்து, ஏழாம் தேதியையும் இருபத்திரண்டாம் தேதியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவனுக்காக அவள் அழுது அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப இவளுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க,” என்றாள்.

ஓடிப்போய் ஜீப்பில் ஏறி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னம்மா என்று ஆராயி சிரித்துக்கொண்டே உதறப் பார்த்தாள். அத்தாயி விடவில்லை.